இருபத்தைந்து மாநிலங்களுக்கு ஒரே கோழிக்கூடம்

நோய் கண்ட கோழி ஒரு காலை முன்னே நீட்டி, மறுகாலைப் பின்னே இழுத்தபடி தரையில் படுத்துவிடும். கழுத்து கோணிக்கொள்ளும், சிறகு தொங்கும். தீவனத்தட்டு ஓரடி தள்ளி இருந்தாலும் எட்டாது. 1907-இல் புடாபெஸ்ட்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் நான்கு சேவல்களில் இந்த முடக்கத்தைக் கண்டு எழுதிவைத்தார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பண்ணைக்காரர்கள் அதைத் தங்கள் கூடுகளிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சில கோழிகளுக்கு நரம்பு வீங்கியது. சிலவற்றுக்குக் கல்லீரலும் மண்ணீரலும் கட்டிகட்டியாகப் புடைத்தன. இது ஒரு நோயா இரண்டா, பரம்பரையாக வருவதா தொற்றுவதா, யாருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவில் அப்போது ஆராய்ச்சி என்பது மாநிலம் மாநிலமாக நடந்த காரியம். 1887-இல் வந்த ஹேட்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்து வேளாண் பல்கலைக்கழகத்தோடும் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அயோவாவின் பணம் அயோவாவுக்கு, ஒகையோவின் பணம் ஒகையோவுக்கு. மக்காச்சோளத்துக்கும் மண்ணுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தியது. கோழி நோய்க்குப் பொருந்தவில்லை. பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் ரயிலேறி மாநில எல்லைகளைத் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. நோயும் அதே பெட்டியில்தான் போனது. போதாக்குறைக்கு, பரம்பரையா தொற்றா என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால் வம்சாவளி தெரிந்த கோழிகளை வெளிக்காற்று படாமல் பத்து இருபது ஆண்டுகள் வளர்க்க வேண்டும். ஒரு பேராசிரியரின் பணிக்காலத்துக்குள், ஒரு மாநிலத்தின் வரவுசெலவுக்குள் அது அடங்காது.

1935-இல் நிறைவேறிய பாங்க்ஹெட்–ஜோன்ஸ் சட்டம் வட்டார ஆய்வகங்களுக்கு மத்திய அரசின் பணத்தைத் திறந்துவிட்டது. அதன்படி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் கிழக்கு லான்சிங்கில் வட்டாரக் கோழி ஆராய்ச்சி ஆய்வகம் எழுந்தது. 1939-இல் வேலை தொடங்கியபோது வடகிழக்கையும் வடமத்தியப் பகுதியையும் சேர்ந்த 25 மாநிலங்களின் ஆய்வு நிலையங்கள் அதன் பங்காளிகள். கோழி அறிவியலில் பல்கலைக்கழகங்கள் கூடி வேலை செய்த வரலாற்றுக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடைப்பது கடினம். அதன்பின் வந்த எண்பது ஆண்டுகளின் கூட்டு முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொதுச்சொத்து, ஒரு கோழிக்கூட்டமோ நச்சுயிரி விதையோ வகுப்பறையோ, நடுவில் இருந்த இடங்களில் கூட்டு நிலைத்தது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் கையெழுத்து மட்டும் இருந்த இடங்களில் புகைப்படத்தோடு நின்றது.

கிழக்கு லான்சிங்கின் பொதுச்சொத்து அதன் கோழிகள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக அங்கே தனிவழிகள் உருவாக்கப்பட்டன. ஆறாம் வழி கட்டி நோயைத் தாங்கும், ஏழாம் வழி எளிதில் விழும். நடுவே பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லாத ஆண்டுகள் பல. முட்டை எண்ணுவது, குஞ்சுக்குச் சிறகுப்பட்டை போடுவது, செத்ததை அறுத்துப் பார்த்துக் குறித்துவைப்பது என்றே காலம் போனது. இப்படிப்பட்ட வேலைக்கு எந்தத் தனிப் பல்கலைக்கழகமும் முப்பது ஆண்டு பொறுமை காட்டியிருக்காது.

பலன் 1960-களின் கடைசியில் மளமளவென்று வந்தது. இங்கிலாந்தின் ஹூட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் சர்ச்சிலும் பிக்ஸும் 1967-இல் மாரெக் நோய்க்குக் காரணம் ஹெர்பிஸ் வகை நச்சுயிரி என்று காட்டினார்கள். மறு ஆண்டே கிழக்கு லான்சிங் குழு தன் வழியில் அதே முடிவுக்கு வந்தது. 1969-இல் ஹூட்டனில் நச்சுயிரியை வீரியம் குறைத்துத் தடுப்பூசி செய்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கால்னெக் குழு, இறகு முளைக்கும் நுண்பையின் தோல்செல்களில் நச்சுயிரி முழுமையாக உருவாகி உதிர்கிறது என்று 1970-இல் கண்டது. பண்ணைத் தூசியிலேயே நோய் ஏன் பரவுகிறது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அதே ஆண்டு கிழக்கு லான்சிங்கில் ஒகசாகி, பர்ச்சேஸ், பர்மெஸ்டர் மூவரும் வான்கோழியின் உடம்பில் தீங்கின்றிக் குடியிருக்கும் உறவுக்கார நச்சுயிரி ஒன்றை எடுத்துக் கோழிக்குப் போட்டார்கள். கோழிக்கு மாரெக் நோய் வரவில்லை. 1971-இல் அந்தத் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் உரிமம் கிடைத்தது. எந்த உயிரினத்திலும் புற்றுநோயைத் தடுக்கப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி இதுதான். மனிதருக்கான கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன.

அந்த ஆய்வகத்திலேயே ஜக்தேவ் சர்மா என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி, பர்மெஸ்டரோடு சேர்ந்து 1982-இல் இன்னொரு படி போனார். பொரித்த குஞ்சுக்கு ஊசி போடுவதற்குப் பதிலாகப் பொரிவதற்கு முன்பே முட்டைக்குள் கருவுக்குப் போட்டால் என்ன? பலித்தது. இன்று அமெரிக்கக் கறிக்கோழிக் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஓட்டை உடைப்பதற்கு முன்பே, இயந்திரத்தின் கையால், மாரெக் தடுப்பூசி பெற்றுவிடுகின்றன. சர்மாவின் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும், ஆப்பிரிக்காவில்.

1946-இல் வந்த ஆராய்ச்சி–சந்தைச் சட்டம், மாநில ஆய்வு நிலையங்களின் பணத்தில் ஒரு பகுதியை வட்டாரத் திட்டங்களுக்கென்றே ஒதுக்கியது. அதிலிருந்து பிறந்தவைதான் பேருந்துத் தடம் எண் போன்ற பெயர்களுடைய கூட்டுத் திட்டங்கள். வடகிழக்கின் என்.இ.-60 கோழிகளின் நோயெதிர்ப்பு மரபணுக்களைப் பார்த்தது. வடமத்தியத்தின் என்.சி.-168 இனவிருத்திக்கான புதிய தொழில்நுட்பங்களை எடுத்துக்கொண்டது. வெளியாட்களுக்கு இந்த எண்கள் அலுப்பூட்டும். ஆனால் ஒரு மாநிலத்தில் வளரும் கோழியின் ரத்தம் இன்னொரு மாநிலத்து ஆய்வகத்துக்குக் கேள்வி முறையின்றிப் போய்ச்சேர இவைதாம் வழி செய்தன.

பொதுக் கோழிக்கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் நல்ல சான்று உண்டு. இனவிருத்தியாளர்கள் எல்லாரும் தங்கள் கோழி ஆண்டுக்காண்டு பெரிதாகிறது என்பார்கள். பெரிதானது கோழியாலா, தீவனத்தாலா, தடுப்பூசியாலா? பிரித்துச் சொல்ல மாறாத அளவுகோல் ஒன்று வேண்டும். கனடாவிலிருந்து வந்த கறிக்கோழி வம்சத்தை அடிப்படையாகக் கொண்டு, 1957-இலிருந்து எந்தத் தேர்வும் செய்யாமல், கண்டபடி இனம் சேரவிட்டு ஒரு கூட்டத்தை ஏதென்ஸில் காத்தார்கள். தெற்கு மாநிலங்களின் கூட்டு இனவிருத்தித் திட்டத்துக்காக வளர்ந்த கூட்டம் அது. லாபம் தராத, பரிசு வாங்காத, வேண்டுமென்றே முன்னேறாத கோழிகள்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவன்ஸ்டைன் குழு 2001-இன் ராஸ் 308 கோழியை இந்தப் பழைய கோழியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்தது. இரண்டுக்கும் 1957 தீவனமும் கொடுத்தார்கள், 2001 தீவனமும் கொடுத்தார்கள். 42-ஆம் நாளில் பழைய கோழி பழைய தீவனத்தில் 539 கிராம். புதிய கோழி புதிய தீவனத்தில் 2,672 கிராம். இந்த வேறுபாட்டில் 85 முதல் 90 விழுக்காடு மரபுவழித் தேர்வால் வந்தது, மிச்சமே தீவனத்தால் என்று கணக்கிட்டார்கள். கறிக்கோழிக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள் என்று தமிழ்நாட்டு டீக்கடைகளில் இன்றும் அடித்துச் சொல்லப்படும் கதைக்கு மிகச் சுருக்கமான பதில் இந்தச் சோதனையில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் 1957, 1978 காலத்துக் கோழிவழிகளைக் கைவிடாமல் வைத்திருந்து, 2005-இன் கோழியோடு ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டது. மூன்று கோழிகளையும் வரிசையாக நிறுத்திய அந்தப் படம் உலகம் சுற்றியது.

இதைப் போலவே நீண்ட காத்திருப்பின் கதை அயோவாவில். எகிப்தின் ஃபயூம் பகுதிக் கோழிகளை அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1954-இல் வரவழைத்தது. அன்றைய நோக்கம் கட்டி நோய். அது ஒரு பக்கம் போக, கூட்டத்தை யாரும் கலைக்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து, ஆப்பிரிக்கக் கிராமங்களில் வெப்பத்தையும் ராணிக்கெட் நோயையும் தாங்கும் மரபணுக்களைத் தேடும் திட்டம் வந்தபோது அந்தக் கோழிகள் கைகொடுத்தன. கலிஃபோர்னியாவின் டேவிஸ், அயோவா, டெலவேர் பல்கலைக்கழகங்கள், கானா பல்கலைக்கழகம், தான்சானியாவின் சொகோய்னே வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் இதில் கூட்டாளிகள். பணம் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான யுஎஸ்எய்டு கொடுத்தது. 2025-இல் அந்த அமைப்பே கலைக்கப்பட்டது.

கோழியின் மரபணுத்தொகுதி 2004 டிசம்பரில் வெளியானதும் இந்தப் பொதுக் கோழிக்கூட்டங்களின் புண்ணியத்தால்தான். வரிசைப்படுத்தப்பட்டது டேவிஸில் நெடுங்காலம் வளர்க்கப்பட்ட செந்நிறக் காட்டுக்கோழி வழியின் ஒரு பெட்டை. அதே வழியை வெள்ளை லெகார்னோடு கலந்து பிறந்த குஞ்சுகளை வைத்துக் கிழக்கு லான்சிங்கில் மரபணு வரைபடம் போட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் காம்ப்டனிலும் நெதர்லாந்தின் வாகனிங்கனிலும் தனித்தனி வரைபடங்கள் இருந்தன. மூன்றையும் 2000-இல் ஒன்றாகத் தைத்தார்கள். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வரிசைப்படுத்தும் இயந்திரங்களுக்கு இந்த அடித்தளம் கிடைத்தது. பறவைகளில் முதன்முதலாகப் படிக்கப்பட்ட தொகுதி கோழியுடையது.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1999-இல் டேவிஸிலிருந்து வந்த ஓர் அறிக்கை அமெரிக்கா, கனடா பல்கலைக்கழகங்களின் பறவை வழிகளைக் கணக்கெடுத்து, அபாயத்தில் உள்ளவை எவை என்று பட்டியலிட்டது. படிக்கச் சங்கடமான பட்டியல். பேராசிரியர் ஓய்வு பெறுவார். அவர் இடத்துக்கு மூலக்கூறு உயிரியல் படித்தவர் வருவார். கூடத்தின் தீவனச் செலவு யார் கணக்கில் என்ற கேள்வி எழும். ஆறு மாதத்தில் நாற்பதாண்டு வழி இறைச்சிக்குப் போய்விடும். இங்கிலாந்தில் ஹூட்டன் நிலையமே 1992-இல் மூடப்பட்டது. மாரெக் தடுப்பூசியைத் தந்த இடம் என்ற பெருமை அதைக் காப்பாற்றவில்லை.

கோழிகள் போவதற்கு முன்பே துறைகள் போய்விட்டன. கோழி வளர்ப்பைக் கல்லூரிப் பாடமாக்கிய முன்னோடிகளில் கார்னெலின் ஜேம்ஸ் ரைஸ் ஒருவர். கோழி அறிவியல் சங்கம் 1908-இல் பிறந்ததும் கார்னெலில்தான். சிக்கன் நக்கட் என்ற தின்பண்டத்துக்கு வழிவகுத்த ராபர்ட் பேக்கரும் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். ஆனால் இன்று கார்னெலில் கோழிக்கென்று தனித்துறை இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் நாற்பதுக்கும் மேல் இருந்த கோழி அறிவியல் துறைகளில் எஞ்சியவை ஆறு: ஆபர்ன், ஆர்கன்சா, ஜார்ஜியா, மிசிசிப்பி மாநிலம், வட கரோலினா மாநிலம், டெக்சஸ் ஏ அண்ட் எம். எல்லாம் கறிக்கோழி ஆளும் தெற்கில். மற்ற இடங்களில் கோழித்துறை கால்நடைத் துறைக்குள் கரைந்து, கோழிக்கு ஒரு பேராசிரியர் அல்லது அரைப் பேராசிரியர் மிச்சம்.

இதில் ஒரு முரண் உண்டு. அமெரிக்காவில் முட்டை உற்பத்தியில் முதலிடம் அயோவாவுக்கு, வான்கோழியில் மின்னசோட்டாவுக்கு. இரண்டும் மத்திய மேற்கு. தொழில் பெருகிய இடத்தில் துறை இல்லை. பண்ணை நிறுவனங்களுக்கு ஆள் வேண்டும், ஆனால் எந்த ஒரு பல்கலைக்கழகத்திலும் கோழிப் பாடத்துக்கு வகுப்பு நிரம்பும் அளவுக்கு மாணவர் சேருவதில்லை. ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர் பொரிப்பக நிர்வாகம் நடத்த எந்த முதல்வர் சம்மதிப்பார்?

1990-களில் மத்திய மேற்குக் கோழிக் கூட்டமைப்பு கண்ட வழி எளியது. பல மாநிலப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் கோடையில் ஒரே இடத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில், கூட்டுவது. இரண்டு கோடைகள், ஒவ்வொன்றிலும் ஆறு வாரப் பாடம். மிச்ச வாரங்களில் பண்ணையிலோ பொரிப்பகத்திலோ தீவன ஆலையிலோ பயிற்சி வேலை. பாடம் எடுக்கப் பல பல்கலைக்கழகங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். ஒருவர் முட்டையின் தரம், ஒருவர் நோயியல், ஒருவர் இனப்பெருக்கம். மதிப்பெண்ணை மாணவரின் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். உதவித்தொகையைத் தொழில் நிறுவனங்கள் தாங்கின. மூடிய துறைகளை யாரும் மீண்டும் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லாமல் செய்துவிட்டார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். அதன் பலவீனமும் அதுவே. பாடத்துக்கு ஆள் கிடைத்தது, ஆராய்ச்சிக் கூட்டங்களைக் காக்க ஆள் கிடைக்கவில்லை.

இந்தியாவின் பாதை வேறு. இங்கே துறைகள் மூடப்படவில்லை, பெருகின. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் வந்தது, நாமக்கல் கல்லூரி அதற்கும் முன்னால் 1985-இல். ஓசூர் மத்திகிரியில் கோழி வளர்ப்புத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்லூரி நடக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கோழிக் கூட்டு முயற்சி என்றால் முதலில் சொல்ல வேண்டியது நான்காம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1970–71-இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த கோழி இனவிருத்தித் திட்டம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 75 விழுக்காடு பணம் தரும், மாநிலப் பல்கலைக்கழகம் 25. ஐதராபாத் ராஜேந்திரநகர், கேரளத்தின் மண்ணுத்தி, குஜராத்தின் ஆனந்த், பெங்களூரு, லூதியானா என்று மையங்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வெள்ளை லெகார்ன் அல்லது கறிக்கோழி வழிகளை எடுத்துக்கொண்டு, ஒரே முறையில் தேர்வு செய்து, ஒரே படிவத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். 1988-இல் ஐதராபாத்தில் கோழித் திட்ட இயக்ககம் அமைந்து ஒருங்கிணைப்பை ஏற்றது. இன்று அதன் பெயர் கோழி ஆராய்ச்சி இயக்ககம்.

முட்டைக்கோழியில் இந்தத் திட்டம் தந்தவற்றில் மண்ணுத்தியின் அதுல்யா குறிப்பிடத்தக்கது. இரண்டு லெகார்ன் வழிகளின் கலப்பு அது. ஆனால் அதே காலத்தில் தனியார் பொரிப்பகங்கள் வெளிநாட்டு இனவிருத்தி நிறுவனங்களோடு கைகோத்துவிட்டன. 1971-இல் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸின் பி.வி.-300 நாமக்கல் கூண்டுகளை நிறைத்தது. பல்கலைக்கழகக் கோழி தோற்றது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், பலர் முடித்தும் விட்டார்கள். அது முழு நியாயம் அல்ல. ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டைகளைக் கணக்கெடுத்துத் தேர்வு செய்யும் மையம், லட்சக்கணக்கில் பறவைகளைச் சோதிக்கும் பன்னாட்டு நிறுவனத்தோடு ஓடிய பந்தயம் அது. தோல்வியில் வியப்பு இல்லை. வியப்பு, அதற்குப் பிறகு திட்டம் வேறு களத்தைக் கண்டுகொண்டதில்தான்.

அந்தக் களம் புறக்கடை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை இடும். அடைகாக்கும், பருந்தைக் கண்டால் ஓடும், குப்பையைக் கிளறித் தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். வணிகக் கோழிக்கு இவற்றில் முட்டையைத் தவிர மற்றது தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோழி வேண்டும். ஐதராபாத்தின் வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூருவின் கிரிராஜாவும் முதல் அலை. ஆனால் ஒரே வனராஜா அசாமின் மழைக்கும் ராஜஸ்தானின் வெயிலுக்கும் பொருந்துமா? அங்கேதான் பல்கலைக்கழகங்கள் பல இடங்களில் இருப்பது பலமானது. அந்தந்த மையம் தன் ஊர் நாட்டுக்கோழியின் ரத்தத்தைச் சேர்த்து ஒரு கலப்பை உருவாக்கியது. குவாஹாட்டியில் காம்ரூபா, அசாம் நாட்டுக்கோழியோடு டாலம் ரெட் கலந்தது. ஜபல்பூரில் நர்மதாநிதி, கடக்நாத் கலந்தது. உதய்ப்பூரில் பிரதாப்தன், மேவாரி கலந்தது. ராஞ்சியில் ஜார்சிம், பாலம்பூரில் ஹிம்சம்ரித்தி. வணிகச் சந்தையில் இவற்றின் பங்கு சொற்பம். ஆனால் எந்தத் தனியார் நிறுவனமும் மேவார்க் கிராமத்துக்கென்று தனியாக ஒரு கோழி வளர்க்காது.

நோய்த் தடுப்பில் ஆசியாவின் பெரிய கூட்டு, கடல் கடந்து நடந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்று அழைக்கப்படும் ராணிக்கெட் நோய் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகளைத் துடைத்துவிடும். பண்ணைக்குத் தடுப்பூசி எப்போதோ வந்துவிட்டது. கிராமத்துக்கு வரவில்லை. காரணம் அறிவியல் அல்ல, குளிர்பெட்டி. நான்கு கோழிக்காக ஆயிரம் கோழிக்கான குப்பியை உடைக்க வேண்டும், அதைப் பனிக்கட்டியில் கொண்டுவர வேண்டும், மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்கவும் வேண்டும்.

1966-இல் குயின்ஸ்லாந்தில் ஆரோக்கியமான கோழிகளிடமிருந்து வி4 என்ற தீங்கற்ற ராணிக்கெட் நச்சுயிரி எடுக்கப்பட்டது. வெப்பத்தை ஓரளவு தாங்கும், ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே பரவும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்ப்ராட்புரோவும் மலேசியாவின் செர்டாங்கில் இருந்த வேளாண் பல்கலைக்கழகத்தாரும் 1980-களில், ஆஸ்திரேலிய அரசின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் தந்த பணத்தில், இதை இன்னும் வெப்பம் தாங்கும்படி தேர்ந்தெடுத்து, தீவனத்தின் மேல் பூசித் தின்னக் கொடுத்தார்கள். கோழியைப் பிடிக்க வேண்டாம், தீனி போட்டால் போதும். யோசனை பல நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் டி58 என்ற வெப்பம் தாங்கும் வகையைக் கொண்டு வாய்வழிக் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது.

வி4 வணிக நிறுவனங்களின் கைக்குப் போனபின் ஸ்ப்ராட்புரோ குழு செய்த காரியம் இந்த வரலாற்றிலேயே தனித்து நிற்கிறது. ஐ-2 என்ற இன்னொரு வகையைத் தேர்ந்தெடுத்து, கட்டணமோ உரிமத்தொகையோ இல்லாமல் வளரும் நாடுகளுக்கு விதையாகவே கொடுத்துவிட்டார்கள். வியட்நாமும் மொசாம்பிக்கும் தான்சானியாவும் அதைத் தங்கள் ஆய்வகங்களிலேயே பெருக்கி, கண்ணில் ஒரு சொட்டு விடும் மருந்தாகக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. ஒப்பந்தக் காகிதங்களைவிடக் குளிர்பெட்டியில் இருந்த ஒரு விதைக்குப்பி அதிக நாடுகளை இணைத்தது.

கோழியையே நாடு விட்டு நாடு கொண்டுபோன கூட்டும் உண்டு. இங்கேதான் ஜக்தேவ் சர்மா மீண்டும் வருகிறார். கிழக்கு லான்சிங், மின்னசோட்டா வழியாக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், இந்தியாவின் கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய குரோய்லர் என்ற புறக்கடைக் கோழியை உகாண்டாவுக்குக் கொண்டுசென்று, அந்நாட்டு விலங்கு மரபுவள மையத்தோடு சேர்ந்து கிராமங்களில் சோதித்தார். பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2014-இல் எத்தியோப்பியா, நைஜீரியா, தான்சானியா மூன்றிலும் தொடங்கிய திட்டம் இதை விரிவாக்கியது. குரோய்லர், பிரெஞ்சு சாசோ, எத்தியோப்பியாவின் ஹோரோ, நைஜீரியாவின் அபேயோகுட்டா வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபுனாப் ஆல்ஃபா எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான வீடுகளில் விட்டு, பெண்களிடமே எது பிடித்தது என்று கேட்டுக் குறித்தார்கள். ஆய்வகக் கூண்டில் வென்ற கோழி வீட்டு முற்றத்தில் வெல்லாது என்ற பழைய சந்தேகத்தைக் களத்திலேயே சோதிக்கும் முறை அது.

இனி வரும் தடைகள் இரண்டு. ஒன்று, பறவைக் காய்ச்சல். 2015-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் ஐந்து கோடிப் பறவைகள் மாண்டன அல்லது கொல்லப்பட்டன. அயோவாவும் மின்னசோட்டாவும் அதிகம் அடிவாங்கின. அதன்பின் உயிருள்ள கோழியோ பொரிக்கும் முட்டையோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது முன்புபோல் எளிதல்ல. ஒரே கூடத்தில் ஒரே கூட்டம் வைத்திருப்பதும் ஆபத்து. ஒரு தொற்று போதும், ஐம்பது ஆண்டு வேலை குழிக்குள் போய்விடும்.

மற்றது, கோழியின் உடலமைப்பே. மாட்டுக்கு விந்தையும் கருவையும் உறையவைக்கலாம். கோழியில் மஞ்சள்கரு நிறைந்த முட்டையை உறையவைத்து மீட்க முடியாது. சேவலின் விந்து உறைந்து உருகியபின் பாதி வீரியமிழக்கும், அதோடு பெட்டைக்கு மட்டுமே உள்ள டபிள்யூ நிறப்புரியை அது சுமப்பதே இல்லை. 2006-இல் கோழிக்கருவின் ஆதி இனப்பெருக்கச் செல்களைக் குடுவையில் வளர்க்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. அந்தச் செல்களை உறையவைக்கலாம், வேண்டும்போது வேறு கோழியின் கருவில் செலுத்தி, அழிந்த வழியையே மீண்டும் பொரிக்கலாம். எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனம், தனக்கென்று இனச்செல் உருவாகாத வாடகைத்தாய்க் கோழிகளை வளர்த்து இதைச் செய்துகாட்டியது. நைரோபியின் பன்னாட்டுக் கால்நடை நிறுவனத்தோடு சேர்ந்து ஆப்பிரிக்க நாட்டுக்கோழிகளின் செல்களைச் சேமிக்கும் வேலையும் நடக்கிறது. கூடம், தீவனம், இரவுக்காவல் எதுவும் வேண்டாம். ஒரு நைட்ரஜன் உறைகலம் போதும்.

சிறுவிடை, பெருவிடை, அசில், கடக்நாத் என்று வைத்திருக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள தொழில்நுட்பம். செல்கள் உறைகலத்துக்குள் போனதும் அவை யாருடையவை என்பதுதான் சிக்கல். ஏதென்ஸின் கோழிகளும் அயோவாவின் ஃபயூமிகளும் பெருமளவு நம்பிக்கையின்பேரில் கைமாறிய காலம், மரபுவளப் பகிர்வுக்கான 2010-இன் நகோயா நெறிமுறையோடு முடிந்துவிட்டது. இந்திய மரபுவளத்தை வெளிநாட்டவர் பெற வேண்டுமானால் 2002-இன் உயிரியல் பன்மயச் சட்டப்படி சென்னைத் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, மத்திய அரசு ஒப்புதல் தந்த கூட்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்கு விலக்கு தருகிறது. அந்தப் பிரிவின்கீழ் வரும்படி ஒரு திட்டத்தை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கும் பல்கலைக்கழகம்தான், ஒரு நாட்டுக்கோழியின் செல்லை இன்னொரு நாட்டின் உறைகலத்துக்கு அனுப்பவும், தேவைப்படும் நாளில் திரும்பக் கேட்கவும் முடியும்.